ஐந்தாவது டயர்

ஒரு காருக்கு எத்தனை டயர் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் நான்கு என்பார்கள். ஐந்தாவதாக ஒன்று இருப்பது பஞ்சர் ஆகிற அன்றுதான் ஞாபகத்துக்கு வரும். ஓடுகிற நான்கு டயருக்கும் மாதம் ஒரு தடவையாவது காற்றுப் பிடிக்கிறார்கள், பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள், கல் சிக்கியிருந்தால் நோண்டி எடுக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். ஸ்டெப்னிக்கு எலுமிச்சம்பழம் வைத்தவர் யாராவது உண்டா?

வண்டிக்காரர் மறந்துவிட்ட அந்த டயரை மறக்காமல் ஞாபகம் வைத்திருக்கிற ஒரே ஆள் திருடன்தான். அவனுக்கு அதுதான் வசதி. ஓடுகிற சக்கரம் ஒன்றைக் கழற்ற ஜாக்கி போட வேண்டும், நட்டுகளைத் தளர்த்த வேண்டும், கழற்றிய மறுநாள் காலையிலேயே வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்று ஊரைக் கூட்டிவிடும். ஸ்டெப்னி போனால் வண்டி வழக்கம்போல ஓடும். சத்தம் வராது, விளக்கு எரியாது, ஸ்டியரிங் இழுக்காது. ஒரு மாதம் கழித்தோ ஆறு மாதம் கழித்தோ, எங்கோ ஒரு புறவழிச்சாலையில், நடு ராத்திரியில்தான் அது போன விஷயமே தெரியவரும். வேறு எந்தப் பொருள் திருடு போனாலும் இவ்வளவு தாமதமாகத் தெரிவதில்லை. இந்தத் தாமதம்தான் இந்தத் திருட்டின் மிகப் பெரிய தலைவலி. அதற்கு அப்புறம் வருகிறேன் என்று பூட்டு, சங்கிலி எல்லாம் வரிசையில் நிற்கின்றன!

விஷயத்துக்குப் போகும் முன் இந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. மோட்டார் கார் வந்த புதிதில் மாற்றுச் சக்கரம் என்ற ஏற்பாடே கிடையாது. பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்டி மாட்ட வேண்டியதுதான். 1904-இல் அந்த ஊரைச் சேர்ந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர், ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, அதைப் பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்விப் பிடிக்கும்படி செய்தார். அவரது பட்டறை ஸ்டெப்னி தெருவில் இருந்ததால் பொருளுக்கும் அதே பெயர் வந்துவிட்டது. அந்தக் கவ்வும் வளையம் சீக்கிரமே வழக்கொழிந்து, முழுச் சக்கரமே மாற்றாக வந்தது. பெயர் மட்டும் இந்தியாவில் அப்படியே தங்கிவிட்டது. பிரேசில் நாட்டிலும் ‘எஸ்டெபி’ என்று இதே சொல்லைத்தான் இன்றும் சொல்கிறார்கள். நம் ஊரில் அது வண்டியையும் தாண்டி, ஆள் வராவிட்டால் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஓரமாக உட்கார வைக்கப்பட்ட ஆளையும் குறிக்கும் கிண்டல் சொல்லாகிவிட்டது. ஓரமாக இருப்பது என்றாலே யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது சொல்லிலேயே இருக்கிறது போலும்.

ஸ்டெப்னி எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பது அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சின்னக் கார்களில் டிக்கிக்குள், பாய்க்கு அடியில், ஒரு குழியில் படுத்திருக்கும். டிக்கி பூட்டியிருக்கும் வரை கவலை இல்லை. பொலிரோ, தார் போன்றவற்றில் பின்கதவில் தொங்கும். 2021 வரை இங்கே விற்ற ஈகோஸ்போர்ட்டிலும் அப்படித்தான். பார்வைக்குக் கம்பீரம். ஆனால் இரண்டு மூன்று நட்டு மட்டும்தான் காவல். சாதாரண வீல் ஸ்பானருக்கு அந்த நட்டு வழி விட்டுவிடும். பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரிலும் ஸ்டெப்னி இப்படிப் பின்னால்தான் இருக்கும். அதற்குப் பளபளவென்று ரெக்ஸின் உறை தைத்துப் போட்டு, அதில் பிள்ளைகள் பெயரையும் எழுதிவைத்த அப்பாக்கள் அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேர். இப்போதைய கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் ஸ்டெப்னி வருவதில்லை என்பதால் அந்தக் கவலையும் போயிற்று, அந்த உறையும் போயிற்று.

உண்மையான சிக்கல் வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்குகிற வண்டிகளில்தான். இன்னோவா அப்படி. குட்டியானை, பிக்கப் மாதிரி சரக்கு வண்டிகளில் சரக்கு மேடைக்குக் கீழே. லாரிகளில் சேஸுக்கு அடியிலோ பக்கவாட்டிலோ. இன்னோவா போன்ற வண்டியில் ஒரு சின்ன விஞ்ச் இருக்கும். அதிலிருந்து இறங்கும் இரும்புக் கயிற்றின் நுனியில் ஒரு தட்டு. அந்தத் தட்டு டிஸ்க்கின் நடு ஓட்டையில் மாட்டிக்கொண்டு டயரை வண்டியின் வயிற்றோடு சேர்த்து இழுத்துப் பிடித்திருக்கும். பின்பக்கம் உள்ள ஒரு சிறிய ஓட்டைக்குள் ஜாக்கிக் கம்பியை விட்டுச் சுற்றினால் டயர் மெல்ல இறங்கும். நல்ல யோசனைதான். நடுவழியில் பெட்டி படுக்கைகளை எல்லாம் இறக்காமல் டயரை எடுக்கலாம். ஆனால் இதில் ஒரு வேடிக்கை. ஒரு வண்டியின் கம்பி அதே ரக வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஊரில் இருக்கும் அத்தனை வீட்டுக்கும் ஒரே சாவி செய்து கொடுத்தது மாதிரி! அமெரிக்காவில் பெரிய பிக்கப் வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகமாகி, கம்பி நுழையும் வழியிலேயே ஒரு பூட்டு வைத்துக் கொடுக்கும் அளவுக்குப் போனார்கள். இங்கே அது வண்டிக்காரரின் சொந்தப் பொறுப்பு.

லாரி ஸ்டெப்னிக்கு அதன் எடையே பாதிக் காவல். டயரும் டிஸ்க்கும் சேர்ந்து நூறு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ஒருவர் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. கார் ஸ்டெப்னி பதினெட்டு, இருபது கிலோதான். ஒரு பைக்கின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போய்விடலாம்.

இப்படித் தொலைந்த ஒரு ஸ்டெப்னியின் கதை இது. சேலத்தில் ஒரு டிராவல்ஸில் இன்னோவா ஓட்டுகிற ஓட்டுநர் ஒருவர். ஒரு குடும்பத்தைத் திருச்செந்தூர் கூட்டிப் போய்விட்டு, முருகனைக் கும்பிட்டு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியில் எட்டுப் பேர். அதில் ஒரு பாட்டி, தூங்கிப்போன இரண்டு குழந்தைகள். கோவில்பட்டி தாண்டி, சாத்தூர் வருவதற்கு முன், ராத்திரி பன்னிரண்டு மணி வாக்கில், பின்பக்க இடது டயர் பட்டென்று போனது. பக்கச்சுவரே கிழிந்துவிட்டது. ஒட்டிச் சமாளிக்கிற ரகம் இல்லை. வண்டியை ஓரம் கட்டி, இண்டிகேட்டர் போட்டு, பின்னால் இரண்டு கல்லை எடுத்து வைத்துவிட்டு, ஜாக்கிக் கம்பியை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றினார். கம்பி சுற்றியது. கீழே எதுவும் இறங்கவில்லை. சாக்கை விரித்துப் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். இரும்புக் கயிறும் தட்டும் மட்டும் இறங்கி ஊஞ்சல் ஆடின. டயர் இல்லை.

எடுத்தவன் கெட்டிக்காரன். டயரைக் கழற்றிய பிறகு கயிற்றைத் திரும்பவும் மேலே சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். தொங்கவிட்டுப் போயிருந்தால் முதல் வேகத்தடையிலேயே தரையில் உரசிச் சத்தம் போட்டிருக்கும்.

“என்ன தம்பி, ஸ்டெப்னி இல்லாமலா வண்டி எடுத்தீங்க? சின்னப் பசங்க இருக்காங்கல்ல?” என்று வண்டியில் வந்த பெரியவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஓட்டுநரிடம் பதில் இல்லை. கிளம்பும்போது இருந்தது என்று சொல்ல வேண்டுமானால் கிளம்பும்போது பார்த்திருக்க வேண்டும். அவர் பார்த்தது ஆயில், தண்ணீர், நான்கு டயரின் காற்று, முன்கண்ணாடியில் சாமி படம்.

லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, அதில் ஏறிச் சாத்தூர் போய், மூடியிருந்த பஞ்சர் கடையைத் தட்டி எழுப்பி, பழைய டயர் ஒன்றை டிஸ்க்கோடு 4,500 ரூபாய்க்குப் பேசி வாங்கி, அதே கடைக்காரரின் டி.வி.எஸ். ஐம்பதில் அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் மூன்றரை மணி ஆகிவிட்டது. அதுவரை அந்தக் குடும்பம் நெடுஞ்சாலை ஓரத்தில், கனரக வண்டிகள் காற்றை அறைந்துகொண்டு போகிற இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஸ்டெப்னி திருட்டு என்றால் ஒரு டயரின் விலைதானே என்று சாதாரணமாகச் சொல்பவர்கள் இந்த மூன்றரை மணி நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இரவில் சாலையோரம் நிற்கிற வண்டியின் மேல் பின்னால் வருகிற வண்டி மோதுவது நம் நெடுஞ்சாலைகளில் அடிக்கடி நடக்கிற விபத்து. அன்றைக்கு அவர்கள் தப்பித்தார்கள், அவ்வளவுதான்.

காலையில் முதலாளிக்குப் போன் போட்டார் ஓட்டுநர்.

“அண்ணே, ஸ்டெப்னி காணோம்ணே. யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க.”

“எங்க வெச்சு?”

“தெரியலண்ணே.”

“தெரியலன்னா? போன மாசம் சர்வீஸ் விட்டப்ப இருந்துச்சுப்பா. இப்ப வண்டி உன் கையில இருக்கு. நான் யாரைக் கேக்கறது?”

அந்த ஒரு மாதத்தில் அந்த வண்டியை இன்னும் இரண்டு பேர் ஓட்டியிருந்தார்கள். ஒருவர் பெங்களூர் போய்வந்தார், ஒருவர் ஏற்காட்டுக்கு இரண்டு நாள் வாடகை. வண்டி கல்யாண மண்டப வாசலில் நின்றது, லாட்ஜ் வாசலில் நின்றது, டிராவல்ஸ் ஆபீஸுக்கு எதிரே தெருவிலேயே பத்து ராத்திரி நின்றது. திருச்செந்தூரிலும் ஒரு பகல் முழுக்க நின்றது. இதில் எங்கே போயிற்று என்று எந்தச் சாமியிடம் குறி கேட்பது? ஆனால் பணம் கடைசியாக ஓட்டியவர் தலையில் விழுந்தது. புது டயர், டிஸ்க், எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். மாதம் மூவாயிரமாக மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தம். அதைவிட அவருக்கு வலித்தது வேறு. நல்ல டயரை விற்றுவிட்டுத் திருடு போயிற்று என்று கதை விடுகிற ஓட்டுநர்களும் இந்தத் தொழிலில் உண்டு. முதலாளி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது.

தாமதமாகத் தெரிவதுதான் பெரிய தலைவலி என்று மேலே சொன்னது இதைத்தான். திருடு போன நேரம் தெரியாவிட்டால் இடம் தெரியாது. இடம் தெரியாவிட்டால் கேமராப் பதிவு கேட்க முடியாது, எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது என்றே தெரியாது. கடைசியில் ‘யார்’ என்ற கேள்விக்குத் திருடனுக்குப் பதிலாக ஓட்டுநர் வந்து நிற்கிறார்.

காவல் நிலையம் என்றதும் இன்னொரு விஷயம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவில் இருந்த திருட்டுக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 303-ஆம் பிரிவுக்கு வந்துவிட்டது. அதில் ஒரு புது ஏற்பாடு. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவையாகத் தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். அந்த மதிப்புக்குக் கீழே இருந்தால் போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்து விசாரிக்க முடியாத வகையிலும் அது சேர்ந்துவிடுகிறது. நாலு வருஷம் தேய்ந்த சின்னக் கார் ஸ்டெப்னி ஒன்றை 5,000 ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட வைப்பது லேசான காரியம் இல்லை. ஏழை ஒருவன் பசிக்குத் திருடியதற்குச் சிறை வேண்டாம் என்பது நல்ல எண்ணம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தினம் ஒரு ஸ்டெப்னி கழற்றுகிறவனும் அதே குடைக்குள் வந்து நின்றுகொள்கிறான். எப்படியிருந்தாலும் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பது நல்லது. டயர் பிற்பாடு எங்காவது அகப்பட்டால் அது தன்னுடையது என்று சொல்ல அந்த ஒரு தாள் உதவும்.

இன்ஷூரன்ஸ்? கம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் பாலிசியின் சின்ன எழுத்துகளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். டயர், ட்யூப் போன்ற ரப்பர் பாகங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே பாதி மதிப்பைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். வாடகை, சரக்கு வண்டிகளுக்கான பாலிசியில் டயர் சம்பந்தமான விதிகள் இன்னும் இறுக்கமானவை. வண்டிக்கும் சேர்த்துச் சேதம் இருந்தால்தான் டயரைப் பற்றியே பேச்சு. இதற்கெல்லாம் அலைந்து, இரண்டாயிரம் மூவாயிரம் கிடைத்து, ‘நோ கிளெய்ம் போனஸ்’ஸும் போனால் லாபம் யாருக்கு என்று தெரியவில்லை.

ஆக, போன பிறகு மீட்பது நடக்காத காரியம். போகாமல் பார்ப்பதுதான் வழி. அதற்குப் பூட்டு. சரி, எந்தப் பூட்டு?

நம் ஓட்டுநர் முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான். தடித்த சங்கிலி ஒன்றை வாங்கி, டிஸ்க்கின் ஓட்டை வழியாக விட்டு, சேஸின் குறுக்குக் கம்பியைச் சுற்றி, ஒரு இரும்புப் பூட்டைப் போட்டுச் சாவியை வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டார். மழைக்காலம் வந்து போனது. நான்கு மாதம் கழித்து ஓசூர் பக்கம் பட்டப்பகலில் பஞ்சர். சாவி சேலத்தில்! வீட்டுக்குப் போன் செய்து என்ன பயன்? இரும்புக் கடையில் சுத்தியலும் உளியும் இரவல் வாங்கி, சேற்றில் துருவேறி உறைந்துபோயிருந்த அந்தப் பூட்டை உடைக்க இருபது நிமிஷம் ஆனது. இது திருடனிடமிருந்து ஸ்டெப்னியைக் காப்பாற்றி, ஸ்டெப்னியிடமிருந்து சொந்தக்காரரைக் காப்பாற்றாத கதை. பூட்டு வாங்கும்போது எல்லாரும் திருடனை நினைத்து வாங்குகிறார்கள். மழை கொட்டுகிற ராத்திரியில், ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் படுத்து அதைத் திறக்கப் போகிற ஆளை நினைத்து வாங்க வேண்டும். இரண்டு பேருக்கும் பொருந்துகிற பூட்டுதான் நல்ல பூட்டு.

அப்புறம் அவர் மாற்றிக்கொண்டார். பித்தளைப் பூட்டு வாங்கினார். இரும்பு அளவுக்கு அது துருப்பிடிக்காது. பழைய ட்யூபில் ஒரு துண்டை வெட்டிச் சாவித் துவாரத்தின் மேல் தொப்பி மாதிரி கட்டிவிட்டார். லாரிக்காரர்களிடம் பார்த்துக் கற்றது. மாதம் ஒரு தடவை இரண்டு சொட்டு எண்ணெய். சாவி இப்போது வண்டிச் சாவி வளையத்திலேயே தொங்குகிறது. சங்கிலி தளர்ந்து ஆடாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும். சைலன்சர் குழாயிலோ பிரேக் குழாயிலோ ஒயரிலோ படக்கூடாது. குறிப்பாகப் பிரேக் குழாயைச் சுற்றிச் சங்கிலி போட்ட மகானுபாவர்களும் இருக்கிறார்கள். அதற்கு டயர் திருடு போவதே மேல்.

சங்கிலி வேண்டாம் என்றால், கம்பி நுழையும் ஓட்டைக்கே பூட்டுப் போட்ட மூடி செய்து பொருத்தலாம். லேத் பட்டறைகளில் செய்து தருவார்கள். கயிற்றை அடியில் படுத்து வெட்டுகிறவனை அது தடுக்காது என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பூட்டும் முழுதாகத் தடுப்பதில்லை. இரண்டு நிமிஷ வேலையைப் பத்து நிமிஷ வேலையாக்குகிறது. தெருவில் அதே ரக வண்டி இன்னும் மூன்று நின்றால் அவன் பத்து நிமிஷ வண்டியைத் தொட மாட்டான். பக்கத்து வண்டிக்குப் போய்விடுவான். இதில் கொஞ்சம் சுயநலம் இருக்கிறது என்று தோன்றினால், தோன்றுவது சரிதான்.

பின்கதவில் ஸ்டெப்னி இருக்கும் வண்டிகளுக்கு ஒரு நட்டை மட்டும் எடுத்துவிட்டு அதற்குப் பதில் ‘லாக் நட்’ போடுகிறார்கள். அதன் தலை வழக்கமான ஆறு பக்கமாக இல்லாமல் பூ மாதிரி ஒரு வடிவத்தில் இருக்கும். அதற்கென்று தனியாக வரும் ஒரு குமிழை மாட்டினால்தான் திரும்பும். நல்ல பொருள். ஆனால் அந்தக் குமிழ் கட்டைவிரல் அளவுதான். சர்வீஸ் விட்ட இடத்தில் கழற்றிவிட்டு மேஜைமேல் வைத்தால் அங்கேயே தங்கிவிடும். வண்டியை எடுக்கும்போது சாவி, பில், இந்தக் குமிழ் மூன்றையும் கேட்டு வாங்கும் பழக்கம் வேண்டும்.

வண்டியை நிறுத்துவதிலும் சூட்சுமம் இருக்கிறது. பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி, அரையடி இடைவெளியில் நிறுத்தினால் கம்பியை உள்ளே விட்டுச் சுற்றவே இடம் இருக்காது. பின்கதவு ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். செலவில்லாத பூட்டு. வெளியூரில் தூங்க வேண்டிவந்தால் இருட்டான சாலையோரத்தைவிட வெளிச்சமான பெட்ரோல் பங்க் நல்லது. ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே தூங்கினால் யார் தொடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிறவருக்கு அடியில் நடப்பது எதுவும் கேட்காது.

இது எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. அதற்குக் காசே வேண்டாம். குனிந்து பார்ப்பது! வாரம் ஒருமுறை காற்றுப் பிடிக்கும்போது ஐந்தாவது டயருக்கும் சேர்த்துப் பிடித்தால் இரண்டு வேலை ஒன்றாக முடியும். காற்றும் தெரியும், டயர் இருக்கிறதா என்றும் தெரியும். பல வருஷமாகத் தொடப்படாமல் காற்றிறங்கிச் சப்பையாகக் கிடக்கும் ஸ்டெப்னி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பார்ப்பதோடு எழுதியும் வைக்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் கம்பெனி பெயரோடு எண்களும் அச்சாகியிருக்கும். அதில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். இது தவிர ஒவ்வொரு டயருக்கும் தனியாக ஒரு வரிசை எண் உண்டு, வாரண்டி அட்டையில் எழுதுவார்களே, அது. லாரிக் கம்பெனிகள் இதோடு நிற்பதில்லை. இரும்பைக் காய்ச்சித் தங்கள் எண்ணை டயரிலேயே சூடு போட்டுவிடுவார்கள், மாட்டுக்குப் போடுவது போல. கார் டயரின் பக்கச்சுவர் மெல்லியது, அதில் சூடு போடக் கூடாது. டிஸ்க்கின் உட்பக்கம் பெயிண்டில் வண்டி எண்ணை எழுதினால் போதும். திருடனுக்கு அதைத் தேய்த்து அழிக்கத் தெரியும். ஆனால் அழித்த தடம் நிற்கும்.

நம் ஓட்டுநர் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, டிராவல்ஸில் இருந்த ஆறு வண்டிகளின் முப்பது டயர் எண்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினார். யார் வண்டியை எடுத்தாலும் ஸ்டெப்னியைப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். திரும்ப விடும்போதும் அப்படியே. நோட்டைக் கொண்டுபோய் நீட்டியபோது முதலாளிக்கு முகம் மாறிவிட்டது.

“என்னப்பா இது, என் மேலயே சந்தேகமா?”

“இல்லண்ணே. என் மேல சந்தேகம் வராம இருக்கறதுக்கு.”

முதலாளி கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். மூன்றாவது மாதப் பிடித்தம் அந்தச் சம்பளத்தில் வரவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவும் இல்லை.

அந்த நோட்டினால் இன்னொரு உபயோகமும் வந்தது. முழு டயரும் காணாமல் போவதைவிட நாசூக்கான திருட்டு ஒன்று உண்டு. புத்தம் புதிய ஸ்டெப்னியை எடுத்துக்கொண்டு, வழுக்கை டயர் ஒன்றை அதே இடத்தில் மாட்டிவிடுவது. குனிந்து பார்க்கிறவருக்கும் டயர் இருக்கிறது என்றுதான் தெரியும். எண் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். டிக்கிக்குள் இருக்கும் ஸ்டெப்னிக்கும் இந்த ஆபத்து உண்டு. வண்டி பலநாள் வெளியாள் கையில் இருக்கும்போதெல்லாம், அதாவது பெயிண்ட் வேலைக்கு விடும்போதோ வாடகைக்குக் கொடுக்கும்போதோ, கொடுக்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் நோட்டுகூட வேண்டாம்.

திருடுகிறவனைப் பற்றியே பேசினால் பாதிதான் பேசியதாகும். அவன் அந்த டயரை வீட்டில் மாலை போட்டு வைத்துக்கொள்ளவா எடுக்கிறான்? வாங்க ஆள் இருக்கிறது. பழைய டயர் வியாபாரம் பெரும்பாலும் நேர்மையாக நடக்கிற வியாபாரம். புது டயர் போடுகிறவர் கழித்த டயர், விபத்தில் நொறுங்கிய வண்டியின் டயர் என்று சரக்கு வர ஆயிரம் வழி இருக்கிறது. அந்த ஆயிரத்தோடு இதுவும் கலந்துவிடும். டிஸ்க்கோடு வருகிற, பட்டன் தேயாத, ஒற்றை டயரை அடிமாட்டு விலைக்கு ஒருவன் கொண்டுவந்தால் கடைக்காரருக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்காது. தெரிந்தே திருட்டுப் பொருளை வாங்குவதற்கும் பாரதிய நியாய சம்ஹிதாவில் 317-ஆம் பிரிவு இருக்கிறது. வாங்குகிற வண்டிக்காரரும் பில் கேட்பதில்லை. பில் கேட்டால் விலை கூடும்.

அன்று ராத்திரி சாத்தூரில் நம் ஓட்டுநர் 4,500 ரூபாய்க்கு வாங்கிய டயரும் டிஸ்க்கோடுதான் இருந்தது. பட்டனும் நன்றாகத்தான் இருந்தது. அவசரத்தில் அவரும் பில் கேட்கவில்லை. நோட்டில் எண்களை எழுதிய ஞாயிற்றுக்கிழமைதான் அந்த டிஸ்க்கைப் புரட்டி உட்பக்கம் பார்த்தார். அங்கே வெள்ளைப் பெயிண்டில் எதையோ எழுதி, யாரோ அதைத் தேய்த்து அழித்திருந்தார்கள். இரண்டு இலக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நோட்டில் அந்த இரண்டு இலக்கத்தையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தார்.

இனி வரும் கார்களில் இந்தப் பிரச்சினையே இருக்காது என்கிறார்கள். 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். எடை குறையும், டிக்கியில் இடம் கூடும், மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு வசதி. ஆணி குத்தினால் பசையை உள்ளே பீய்ச்சிக் காற்றடித்துக்கொண்டு போய்விடலாம்தான். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை பிடிக்காது. அப்போது இழுவை வண்டிக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அது எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதை, ஸ்டெப்னி இல்லாத கார் வாங்குகிறவர்கள் ஷோரூமிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.